பூனை செய்த வேலை

ஹட்டன் நகரில், ஒரு சந்தினுள்ளே சிறிய தையற்கடை ஒன்றுண்டு. ஒரு தையல் இயந்திரம், ஒரு மேசை, துணி அடுக்கும் ஓர் அலுமாரி. இவற்றோடு சாம்பல் நிறப் பூனை ஒன்று. எலிகள் துணியைக் கடிக்காதிருக்க வேண்டுமென்றே தையற்காரர் அதனைக் குட்டியாகக் கொண்டுவந்து வளர்த்தார். எலிகள் ஒழிந்தன, காவலுக்கு வந்த பூனையோ கடைக்கே எசமானாகிவிட்டது.

பாடசாலை தொடங்குவதற்கு இரண்டு நாட்களுக்கு முன் நாம் அங்கே சென்றிருந்தோம். தோட்டத்துத் தாயொருத்தி தன் மகளின் சீருடைக்கெனக் கொடுத்த வெள்ளைத் துணி மேசைமீது விரிந்து கிடந்தது. மாணவர்க்கு இலவசச் சீருடை வழங்கும் அரசாங்கத் திட்டம் 1993 ஆம் ஆண்டில் தொடங்கியது. அவ்வாறு கிடைக்கும் துணி பிள்ளைக்கு அளவானதே. அது கெட்டால் மாற்றுத் துணியைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மலைச்சரிவில் நாளெல்லாம் கொழுந்து பறித்துக் கூலி பெறும் தாய்க்கு அஃது எளிதன்று.

அந்த வேளையில் மேசையிலிருந்த நூற்கட்டை ஒன்று உருண்டது. பூனை பாய்ந்தது. பால் கலவாத தேநீர்க் குவளை கவிழ்ந்து வெள்ளைத் துணியில் பரவிற்று. நாம் பதறிப்போய், "துணி, துணி!" என்று கூவினோம். தையற்காரரோ துணியைப் பாராமற் பூனையைப் பிடித்து அதன் வாயைத் திறந்து பார்த்தார்.

"துணி இருக்கட்டும் ஐயா, நூல் கோத்து வைத்திருந்த ஊசியைக் காணோம்" என்றார்.

அவர் அச்சத்திற்குக் காரணம் உண்டு. அசையும் நூல் பூனையின் கண்ணுக்கு ஓடும் இரையாகவே தோன்றும். அதன் நாவிலுள்ள சிறு முட்கள் உட்புறமாக வளைந்திருப்பதால், வாயிற் சிக்கிய நூலைத் துப்புவது அதற்கு அரிது. விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி உயிருக்கே ஆபத்து விளைவிக்கலாம். ஊசியும் சேர்ந்தாற் சொல்ல வேண்டியதில்லை. பூனை வளர்க்கும் வீட்டார் நூலையும் ஊசியையும் மூடிய பெட்டியில் வைப்பது நன்று.

அவர் ஊசியைத் தேட, நாம் துணியைக் குளிர்ந்த நீரில் அலசினோம். தேயிலையிலுள்ள தனின் என்னும் பொருளே துணியிற் பற்றிக் கறையாகிறது. உலருமுன் அலசினால் பெரும்பகுதி போய்விடும். எடுத்தவுடன் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்தாற் கறை நிலைத்துவிடுவதும் உண்டு. ஒரு மணி நேரத்தின்பின், மேசையின் கீழ்க் கிடந்த சாக்கு மடிப்பில் ஊசி அகப்பட்டது. துணியிலோ உள்ளங்கையளவு மங்கிய கறை எஞ்சியது. அன்று கொடுப்பதாகச் சொல்லியிருந்த வேறு இரண்டு உடைகள் தொடப்படாமலே கிடந்தன.

வேலை செய்பவனுக்கு வீட்டு விலங்கு இடையூறு விளைப்பது புதிதன்று. குரோசிய நாட்டு டுப்ரோவ்னிக் நகரின் ஆவணக் காப்பகத்தில், 1445 ஆம் ஆண்டுக் கையெழுத்து ஏடொன்றின் மீது பூனையின் மைக்கால் தடங்கள் பதிந்திருப்பதை எமிர் பிலிப்போவிச் என்னும் வரலாற்றாசிரியர் 2011 ஆம் ஆண்டிற் கண்டார். வரி வரியாக எழுதிய அந்த எழுத்தர் எவ்வளவு நொந்திருப்பாரோ!

நம் வகுப்பிற் கட்டுரை எழுதாமல் வரும் மாணவர், "நாய் கடித்துவிட்டது, சேர்" என்று கூறுவதுண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்டைன்பெக்குக்கு 1936 ஆம் ஆண்டில் உண்மையாகவே அது நேர்ந்தது. 'எலிகளும் மனிதர்களும்' என்ற பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிக்கொண்டிருந்த நாவலின் கையெழுத்துப் படியிற் பாதியை, டோபி என்னும் அவருடைய நாய்க்குட்டி கடித்துக் குதறிவிட்டது. வேறு படி இல்லை. இரண்டு மாத உழைப்பு வீணாயிற்று. அவர் குட்டியைப் பெரிதாகத் தண்டிக்கவில்லை. மீண்டும் எழுத உட்கார்ந்தார். 1937 இல் வெளியான அந்நூல் அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. மாணவ நண்பர்களே, நாயின் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு, மீண்டும் எழுதிய கதையை மறந்துவிடாதீர்கள்!

நம் தையற்காரரும் அன்றிரவு கடையை மூடவில்லை. கறை பட்ட இடம் கீழ்விளிம்பின் உள்மடிப்புக்குட் போகுமாறு துணியைத் திருப்பி வைத்து வெட்டினார். மறுநாட் காலையில் அந்தத் தாய் வந்தபோது நாமும் அங்கிருந்தோம். உடையைக் கையிற் கொடுத்து அனுப்பியிருந்தால் அவள் எதையும் அறிந்திருக்கமாட்டாள். அவரோ மடிப்பைப் பிரித்துக் காட்டினார்.

"தேத்தண்ணி பட்டுவிட்டது அம்மா. துணிக்குப் பக்கத்தில் குவளையை வைத்தது என் பிழை. கூலி வேண்டாம்."

அவள் சிறிது நேரம் மடிப்பைத் தடவிப் பார்த்தாள். பின்பு மடியிலிருந்த காசில் பாதியை எடுத்து மேசைமீது வைத்தாள். "இராமுழுக்க முழிச்சிருக்கீங்களே, அண்ணே" என்றாள்.

பூனைமீது பழியைப் போட்டிருந்தால் யாரும் மறுத்திருக்கமாட்டார்கள், அதற்கும் வாயில்லை. நூலைக் கண்டு பாய்வது அதன் இயல்பு. குவளையை எங்கே வைப்பது என்று சிந்திப்பது நம் கடமை. ஒரு நாள் உழைப்பு குலைந்தபோதும் அந்த மனிதரின் பெயர் குலையவில்லை. இப்போது அவர் தேநீரைக் கடை வாசலில் நின்றே பருகுகிறார். பூனை அவர் காலடியில் உறங்குகிறது.