மறுபதிப்பு இசைத்தட்டும் மறைக்கப்பட்ட பெயர்களும்



தமிழாசிரியனுக்கு இசைத்தட்டுச் சண்டையில் என்ன வேலை என்று ஆசிரிய நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். பெற்றோர்களும் கேட்கலாம். முழுவதும் படித்த பின்னர்த் திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்டாலிங் ஜெயாவில் வார இறுதியில் கூடும் பழம்பொருள் சந்தைக்குச் சென்றிருந்தேன். அங்கே ஒரு கடைமுன் இருவர் உரக்க வாதிட்டுக்கொண்டிருந்தனர். ஒருவர் தொடர்வண்டித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர். மற்றவர் கணினித் துறையில் இருக்கும் இளைஞர். நடுவே 1978-இல் வெளிவந்த ‘பிரியா’ படத்தின் இசைத்தட்டு. இளையராஜா இசையில், ஸ்டீரியோ முறையில் பதிவான தொடக்ககாலத் தமிழ்த் திரைப்பாடல்கள் அதில் உள்ளன. படமும் சிங்கப்பூரில் எடுக்கப்பட்டது. ஆகவே நம் பக்கத்துச் சேகரிப்பாளரிடையே அதற்குத் தனி மதிப்பு. கடைக்காரர் 300 ரிங்கிட் கேட்டார். அதே பாடல்கள் அடங்கிய தொகுப்புக் குறுந்தட்டை 15 ரிங்கிட்டுக்குத் தாம் வாங்கிவிட்டதாக இளைஞர் சொன்னதுதான் சண்டைக்கு வித்து.

“தம்பி, மறுபதிப்பு என்பது பிணத்திற்குப் பூசிய பவுடர்!” என்றார் பெரியவர்.

“ஐயா, நீங்கள் பாட்டைக் கேட்கவில்லை, கீறலைக் கேட்கிறீர்கள்!” என்றார் இளைஞர்.

இருவருமே என்னைப் பார்த்து, “வாத்தியார் ஐயா, நீங்கள் சொல்லுங்கள்” என்றனர். அங்கே சிரித்து நழுவிவிட்டேன். இங்கே சொல்கிறேன். இருவர் கட்சியும் எனக்கு ஏற்புடையதன்று. இருவரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. அது என் வகுப்பறையில் ஒரு சிறுமியின் வழியாக எனக்கு வந்து சேர்ந்தது.

ஈராண்டுகளுக்கு முன்பு பள்ளிக் கலைவிழாவிற்காக ஆண்டு 5 மாணவர்களைப் பழைய பாடல் ஒன்றைப் பாடவைக்க எண்ணினேன். ‘நாடோடி மன்னன்’ (1958) படத்தில், உறங்கிச் சோம்பாதே என்று தம்பிக்கு அறிவுரை கூறுவதாய் அமைந்த பாடல். டி.எம்.சௌந்தரராஜன் பாடியது, எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசை. மாணவர்க்கு இதைவிடப் பொருத்தமான பாடல் ஏது? கடையில் தொகுப்புக் குறுந்தட்டு ஒன்று கிடைத்தது. உறையின் முகப்பில் தங்க எழுத்தில், ‘டிஜிட்டல் முறையில் மெருகேற்றப்பட்டது’ என்று அச்சிட்டிருந்தார்கள். மகிழ்ச்சியோடு வாங்கிவந்தேன்.

முதல் நாளே எங்கள் இசையாசிரியர் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு திணறினார். எந்தக் கட்டையிலும் பாட்டு அமரவில்லை. பதிவின் வேகத்தை நூற்றுக்கு 6 பங்கு கூட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும். இவர்கள் அதில் பாதியளவு கூட்டியிருந்தார்கள் போலும். பாட்டு இரண்டு கட்டைகளுக்கும் நடுவே அந்தரத்தில் தொங்கியது. போதாக்குறைக்குப் பின்னணியில் இடைவிடாத முரசொலி. அந்த முரசு 1958-இல் எந்தக் கலைஞரும் வாசித்ததன்று. பிற்காலத்தில் யாரோ கணினியில் ஒட்டியது. சரணம் ஒன்றையும் காணோம். வெட்டப்பட்டதை ஒரு மாணவனின் பாட்டனார் வீட்டிலிருந்த பழைய ஒலிநாடாவைக் கேட்ட பிறகே அறிந்தேன்.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது பின்னர் வந்தது. அந்தத் தவணையின் இறுதியில் சிறு புதிர்ப்போட்டி வைத்தேன். இப்பாடலை இயற்றியவர் யார் என்பது ஒரு வினா. நன்றாகப் படிக்கும் சிறுமி ஒருத்தி ‘கண்ணதாசன்’ என்று எழுதியிருந்தாள். தவறு எனக் குறியிட்டேன். மறுநாள் அவள் என் மேசைமேல் அந்தக் குறுந்தட்டின் உறையைக் கொண்டுவந்து வைத்தாள். நான் வகுப்பில் வைத்திருந்த உறைதான்!

“ஐயா, அட்டையிலேயே போட்டிருக்கிறதே?”

போட்டிருந்தது. பதினெட்டுப் பாடல்களுக்கும் சேர்த்து அடியில் ஒரே வரி: ‘பாடல்கள்: கண்ணதாசன்’. நான் அதைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலேயே குழந்தைகள் கையில் கொடுத்தவன் நான். அந்தச் சிறுமியிடம் மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன்.

அப்பாடலை எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். ‘நாடோடி மன்னன்’ படத்திற்கு அவரோடு சுரதா, முத்துக்கூத்தன் முதலிய கவிஞர்களும் பாடல் எழுதினார்கள். ஆகவே பாட்டுக்குப் பாட்டு பெயர் குறிப்பது கட்டாயமாகிறது. பட்டுக்கோட்டையார் 1959-இல், 29 அகவையிலேயே மறைந்தவர். ‘திருடாதே’ படம் 1961-இல் வெளிவந்தபோது அதில் தாம் எழுதிய பாடல் ஒலித்ததைக் கேட்க அவர் இல்லை. அப்படிப்பட்டவரின் பெயரை ஓர் அட்டை அடிக்கும் சோம்பலில் அழித்துவிட்டார்கள். கண்ணதாசனுக்குக் கடன் வாங்கிய புகழ் தேவையா? அவர் எழுதிக் குவித்தது போதாதா?

இப்போது பெரியவர் கட்சிக்கு வருகிறேன். இவ்வளவு சொன்ன பிறகு, மறுபதிப்புகளைத் தூக்கி எறி, மூலத்தட்டை மட்டும் வாங்கு என்று நான் சொல்லவேண்டுமல்லவா? சொல்லமாட்டேன். மூலத்தட்டு என்று நாம் கையில் பிடித்திருப்பது எது? 78 சுற்றுத் தட்டு அரக்கும் கல்தூளும் கலந்து செய்யப்பட்டது. எஃகு ஊசி ஒவ்வொரு முறையும் அதன் வரிப்பள்ளத்தைச் சற்றே தேய்த்தது. பக்கத்திற்கொரு புது ஊசி மாற்ற வேண்டும் என்பது விதி. நம் தோட்டத்து லயங்களில் அந்த விதியைக் காசு கொடுத்துக் காப்பாற்றியவர் எத்தனை பேர்? பத்தாண்டு ஓடித் தேய்ந்த தட்டில் கேட்பது பதிவுக்கூடத்து ஒலி என்று அடித்துச் சொல்வது பற்றுதலே தவிர உண்மையாகாது.

மூலமே பிழைபட்டிருப்பதும் உண்டு. மைல்ஸ் டேவிஸ் என்னும் அமெரிக்க ஜாஸ் கலைஞரின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ 1959-இல் வெளிவந்தது. அந்தத் தட்டின் முதற்பக்கத்துப் பாடல்களைப் பதிவு செய்த ஒலிநாடாக் கருவி சற்றே மெதுவாக ஓடியது. ஆகவே தட்டில் அவை சற்று விரைவாகவும் உயர்ந்த சுருதியிலும் ஒலித்தன. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகமே அதைத்தான் கேட்டது. அதனோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள் தங்கள் கருவியைத்தான் ஐயுற்றிருப்பார்கள். சரியான வேகத்தில் ஓடிய வேறொரு கருவியின் நாடாவைக் கொண்டு 1990-களின் மறுபதிப்புகளில்தான் திருத்தினார்கள். பெரியவர் ஐயா, இங்கே எது பிணம், எது பவுடர்?

வேறொன்றும் சொல்வேன், கோபிக்கக்கூடாது. 2022-இல் அமெரிக்காவின் மொபைல் ஃபிடிலிட்டி நிறுவனத்தின் விலையுயர்ந்த மறுபதிப்புகள் பற்றிய உண்மை வெளிவந்தது. கணினியே தொடாத, நாடாவிலிருந்து நேரே வெட்டிய தட்டுகள் என்று நம்பிச் சேகரிப்பாளர்கள் வாங்கியவற்றுள் பலவற்றில் இடையே இலக்கமுறைப் படி ஒன்று இருந்தது. வழக்கு நடந்து 2.5 கோடி டாலர் அளவிலான உடன்பாட்டில் முடிந்தது. அந்த உண்மை தெரியும் வரை அதே தட்டுகளின் ஒலியைப் புகழ்ந்தவர்களும் அதே சேகரிப்பாளர்கள்தாம்! காது கண்டுபிடிக்காததை ஓர் ஒப்புதல் வாக்குமூலம் கண்டுபிடித்தது. அவர்கள் சினந்தது தகும் என்றே கருதுகிறேன். ஒலி கெட்டுவிட்டது என்பதற்காக அவர்கள் சினக்கவில்லை; செய்ததைச் சொல்லவில்லை என்பதற்காகச் சினந்தார்கள்.

இளைஞர் கட்சிக்கும் இதுவே மறுமொழி. மெருகேற்றம் என்ற சொல்லை நம்பி வாங்கும் தம்பி, என்ன மெருகு என்று கேட்டதுண்டா? ஒலியை ஓங்கச் செய்வதே மெருகு என்றொரு நோய் 1990-களிலிருந்து உலகெங்கும் பரவியது. மெல்லிய ஓசையையும் வல்லோசையையும் ஒரே உயரத்திற்கு இழுத்துவிடுவார்கள். நாற்பது மாணவர்களும் ஒரே குரலில் கத்தும் வகுப்பை எண்ணிப் பாருங்கள். அங்கே யார் என்ன சொல்கிறார்கள் என்பதே தெரியாது. 2008-இல் மெட்டாலிக்கா குழுவினரின் ‘டெத் மேக்னெட்டிக்’ வெளிவந்தபோது, அதே பாடல்கள் ஒரு நிகழ்பட விளையாட்டில் தெளிவாக ஒலிப்பதையும் குறுந்தட்டில் சிதைந்து ஒலிப்பதையும் இரசிகர்களே ஒப்பிட்டுக் காட்டி, மீண்டும் செம்மையாக வெளியிடுங்கள் என்று விண்ணப்பம் போட்டார்கள். நம் பக்கத்திலோ அதற்கும் முன்பே, பழைய இந்திப் பாடல்கள்மீது தாளத்தை ஒட்டி ‘ஜங்கார்’ என்று பெயரிட்டு விற்றார்கள். நம் தமிழ்த் தொகுப்புகளுக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. விண்ணப்பம் போட்டோமா நாம்? திருமண மண்டபத்தில் இன்னும் கொஞ்சம் சத்தமாக வை என்றோம்.

செம்மையாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 2009-இல் பீட்டில்ஸ் குழுவின் பாடல்களை மறுபதிப்புச் செய்தபோது ஸ்டீரியோவில் ஒரு தொகுதியும், மோனோவில் ஒரு தொகுதியும் தனித்தனியே வெளியிட்டார்கள். எது எது என்று உறையிலேயே எழுதினார்கள். வாங்குபவன் தேர்ந்துகொள்ளலாம். அவ்வளவுதான் நான் கேட்பது.

ஆசிரிய நண்பர்களே, இந்த நேர்மை நமக்குப் புதியதா? உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார், 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாம் மனப்பாடம் செய்த ஆண்டுகள் இவை. ஏடு தந்தவர் யார், எந்த ஊர் ஏடு, எங்கே சிதைந்திருந்தது, எந்தச் சுவடியில் எந்தப் பாடம் என்று அவர் முன்னுரையிலும் அடிக்குறிப்பிலும் எழுதிவைத்தார். விடுபட்ட அடியை விடுபட்டதாகவே காட்டினார். அவர் நினைத்திருந்தால் தாமே ஓர் அடி இயற்றி ஒட்டியிருக்கலாம். ஒட்டியிருந்தால் நமக்குத் தெரிந்திருக்கவும் போவதில்லை. அவருடைய புலமைக்கு அது பெரிய காரியமா? செய்யவில்லை. ஆகவேதான் இன்று அந்தப் பதிப்பை நம்பி நாம் பாடம் நடத்துகிறோம்.

மறுபதிப்பு இசைத்தட்டும் ஒரு பதிப்புதான். ஓலையைக் கறையான் தின்ற பிறகு அச்சே சுவடியாவது போல், நாடா அழிந்த பிறகு மறுபதிப்பே மூலமாகிவிடும். 2008 ஜூன் முதல் நாள் ஹாலிவுட்டில் யூனிவர்சல் படப்பிடிப்பு வளாகம் தீப்பற்றியது. அங்கிருந்த மூல ஒலிநாடாக்கள் எரிந்த செய்தியின் முழு அளவை 2019-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதிய பிறகே பலர் அறிந்தனர். காப்புக் கிடங்குகள் உள்ள நாட்டிலேயே இந்நிலை. ஐம்பதுகளின் தமிழ்ப் பாடல்களுக்கு நாளை எஞ்சப்போவது, இன்று யாரோ ஒரு வணிகர் முரசு ஒட்டி, சரணம் வெட்டி, பெயர் மாற்றி விற்கும் தட்டாக இருந்தால் என் மாணவியின் பேரப்பிள்ளைகளுக்கு அதைத் திருத்திச் சொல்ல ஆதாரம் எங்கிருந்து கிடைக்கும்?

வணிகர்கள் சொல்லும் மறுமொழி எனக்குத் தெரியும். “15 ரிங்கிட் தட்டில் ஆராய்ச்சியா எதிர்பார்க்கிறீர்கள்?” இல்லை ஐயா. பாடலாசிரியர் பெயர், இசையமைப்பாளர் பெயர், பாடியவர் பெயர், படம், ஆண்டு. எதிலிருந்து எடுத்தீர்கள், என்ன சேர்த்தீர்கள், என்ன வெட்டினீர்கள். பாட்டுக்கு இரண்டு வரி. தங்க எழுத்துக்குச் செலவழித்த மையில் பாதிகூடப் பிடிக்காது.

பாட்டுக் கேட்பதே இப்போது கைப்பேசியில்தானே, உறையே இல்லையே என்று பெற்றோர் கேட்கலாம். அங்கே நிலைமை இன்னும் மோசம். பெரும்பாலும் பாடகர் பெயரும் படத்தின் பெயரும் திரையில் ஓடும். எழுதியவர் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டும். வீட்டில் ஒரு பழைய பாட்டு ஒலிக்கும்போது, “இதை எழுதியது யார்?” என்று பிள்ளையிடம் ஒருமுறை கேளுங்கள். தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தேடுங்கள். பள்ளி விழாவிற்குப் பாடல் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்கள், நிகழ்ச்சி நிரலில் பாடலாசிரியர் பெயரை அச்சிடுங்கள். உறையை நம்பாமல் சரிபார்த்து அச்சிடுங்கள். நான் பட்டது போதும்.

கலைவிழாவில் பாட்டு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். குறுந்தட்டை ஓரம் வைத்துவிட்டு, பாட்டனாரின் ஒலிநாடாவைக் கேட்டு, வெட்டுண்ட சரணத்தையும் எழுதிக்கொண்டு, ஆர்மோனியத்தோடு பாடினார்கள். பாட்டனார் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். அந்த நாடாவும் வானொலியிலிருந்து பிடித்ததுதான். நடுவில் ஓரிடத்தில் இரண்டு சொற்கள் இரைச்சலில் மூழ்கியுள்ளன. அவ்விடத்தை ஊகித்துத்தான் பாடவைத்தோம். பிள்ளைகளின் ஏட்டில் அந்த இரண்டு சொற்களுக்கும் கீழே கோடிட்டு, ‘உறுதியில்லை’ என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.

‘நாடோடி மன்னன்’ படத்தின் பழைய இசைத்தட்டு உங்களில் யாரிடமேனும் இருந்தால், தயவுசெய்து ஒருமுறை ஓடவிட்டு அந்தச் சரணத்தைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். உறையின் பின்புறத்தையும் தட்டின் நடு ஒட்டுத்தாளையும் படமெடுத்து அனுப்பினால் இன்னும் நன்று. தேய்ந்த தட்டாயினும் பரவாயில்லை.