தூக்காதீங்க, முதல்ல பாருங்க!

போன மாதம் எங்கள் மலையில் பள்ளிகளுக்கிடையே நடந்த கால்பந்துப் போட்டிக்கு நானும் போயிருந்தேன். பத்தாவது படிக்கும் என் மூத்தவன் ஆடினான். எதிர் கோல் கம்பம்கூடத் தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியிருந்தது. பந்தை முட்ட எம்பியதில், அவனும் இன்னொரு பையனும் மண்டையோடு மண்டை மோதி விழுந்தார்கள்.

அடுத்து நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கப் பார்க்கிறார், ஒருவர் காலை இழுத்து நீவுகிறார், இன்னொருவர் வலிப்போ என்று சாவிக்கொத்தைத் தேடுகிறார். பெற்றவள் மட்டும் சும்மாவா? அரைமயக்கத்தில் கிடந்தவன் வாயில் தண்ணீர் ஊற்றப் போனேன். "ஊத்தாதம்மா, மூச்சுக்குழல்ல போயிடும்!" என்று தடுத்தார் எங்கள் தெரு அக்கா. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்.

அவன் தலையை இரண்டு பக்கமும் அசையாமல் பிடித்துக்கொண்டார். "பேர் என்ன? கழுத்து வலிக்குதா? விரலை அசை. கால் மரத்துப்போச்சா?" கழுத்தில் அடி இருந்தால், தூக்குகிற தூக்கிலேயே கை கால் விளங்காமல் போய்விடுமாம். ஈரப் புல்லில் நடுங்கியவனுக்கு என் சால்வையைப் போர்த்தினார்.

ஐந்து நிமிடத்தில் பையன் எழுந்து, "ஒண்ணுமில்லம்மா, ஆடுறேன்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா விடவில்லை. சாயங்காலம் "யாரும்மா ஜெயிச்சாங்க?" என்று நாலு தடவை கேட்டான். பிறகு வாந்தி. ஸ்கேன் எடுக்க ராத்திரியே மலையிறங்கினோம். வழியிலும் வாந்தி. வளைவுகளால் வந்ததா, மண்டை அடியால் வந்ததா என்று தெரியாமல் நான் பட்ட பாடு! நல்லவேளை, ரத்தக்கசிவு இல்லை. மூளை அதிர்ச்சி என்று சொல்லி, மூன்று வாரம் பந்தைத் தொடக் கூடாது என்றார் டாக்டர்.

1998-ல் டாக்காவில் கிரிக்கெட் வீரர் ராமன் லம்பா தலையில் பந்து பட்டபின் தானே நடந்து வெளியேறினாராம். சில நாளில் இறந்துபோனார். தலையில் அடிபட்டு அதிர்ச்சி கண்டவருக்குப் பதில் வேறொருவரை ஆடவிடும் விதி சர்வதேச கிரிக்கெட்டில் 2019-ல் வந்தது. நம் பள்ளி மைதானங்களில் இன்னும் எழுந்து ஆடினால்தான் வீரன்!

2021-ல் டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன் ஆடும்போதே இதயம் நின்று சாய்ந்தார். மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். மலையில் 108 வண்டி வளைந்து வளைந்து வந்து சேரும்வரை யார் நெஞ்சை அழுத்துவது?

அன்று மைதானத்தில் விருந்தினருக்குப் பந்தல் இருந்தது, டிபன் இருந்தது. முதலுதவிப் பெட்டியும் இருந்தது, ஆனால் பூட்டிய அறைக்குள்!

இதைக் கேட்ட என் நாத்தனார், "இனிமே பொண்ணைக் கபடிக்கு அனுப்பமாட்டேன்" என்கிறாள். எனக்கு அதில் சம்மதமில்லை. பிள்ளைகள் விளையாடட்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணோடு இதையும் கேளுங்கள்: பெட்டியின் சாவி யாரிடம்? முதலுதவி படித்தவர் யார்? நிற்கும் வண்டி எது?

நானும் அக்காவிடம் கற்றுக்கொள்கிறேன். பேச்சு மூச்சில்லாமல் கிடந்தால், உடனே 108-க்குச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் இரண்டு அங்குல ஆழத்துக்கு, நிமிடத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் அழுத்த வேண்டுமாம். தலையணையில் பழகுகிறேன். அறுபதிலேயே எனக்கு மூச்சு வாங்குகிறது. வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறார், சிரித்துக்கொண்டே.

- ஓர் இல்லத்தரசி, கொடைக்கானல் மலை