பொம்மைக்கு லட்சம் ரூபாய் ஏன்?

நரைத்த கூந்தல், முதுகில் இரண்டு வாள்கள், இடக் கண்ணின் குறுக்கே நீளும் தழும்பு. ‘தி விட்சர்’ என்னும் வீடியோ விளையாட்டின் நாயகன் கெரால்ட்டின் உருவம் இது. ஜப்பானின் பிரைம் 1 ஸ்டுடியோ போன்ற நிறுவனங்கள் இத்தகைய விளையாட்டுப் பாத்திரங்களை ஆளுயரத்தில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள சிலைகளாக்கி விற்கின்றன. ஒரு சிலையின் விலை ஆயிரம் டாலரைத் தாண்டுவது அந்தச் சந்தையில் சாதாரணம். நமது பணத்தில் அது லட்சம் ரூபாயை நெருங்குகிறது. கப்பல் செலவும் சுங்கமும் சேர்ந்தால் தாண்டியே விடும். அசையாத, பேசாத, குழந்தை கை வைத்தால் உடையக்கூடிய ஒரு பொம்மைக்கு இவ்வளவு விலை எங்கிருந்து வந்தது? வசதி படைத்தவர்களின் பித்து என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் இன்றைய முதலாளித்துவம் விலை வைக்கும் விதத்தை இவ்வளவு பட்டவர்த்தனமாகக் காட்டும் சரக்கு வேறொன்று கிடைப்பது கடினம்.

விற்பவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: இது கைவேலை. அதில் உண்மை உண்டு. முதலில் சிற்பி கணினித் திரையில் உருவத்தைச் செதுக்குகிறார். அதிலிருந்து ஒரு மூலப் படிவம் அச்சிடப்பட்டு, தேய்த்து மெருகேற்றப்படுகிறது. பிறகு அதைக் கொண்டு சிலிகோன் அச்சுகள் எடுக்கப்படுகின்றன. கல்தூள் கலந்த ரெசினை அந்த அச்சில் ஊற்றி இறுகவிட்டு எடுக்கிறார்கள். சில பத்து வார்ப்புகளுக்குள் அச்சு கிழிந்து பயனற்றதாகிவிடும். புதிதாகச் செய்ய வேண்டும். வார்த்தெடுத்த ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் தொழிலாளி அறுத்து, பிசிறு நீக்கி, காற்றுக் குமிழி விழுந்த குழிகளை அடைத்து, உப்புத்தாளால் தேய்க்கிறார். அதன்மேல் வண்ணம் அடுக்கடுக்காக ஏறுகிறது. கண்ணின் பாவையை எழுதும் தூரிகை மயிரிழை பிசகினாலும் முகம் கெட்டுவிடும். பொட்டலம் கட்டுவதும், பத்திருபது கிலோ எடையைக் கடல் கடந்து உடையாமல் சேர்ப்பதும் தனிச் செலவு. இத்தனை செலவையும் சில நூறு சிலைகளின் மீது ஏற்றினால் ஒவ்வொன்றின் அடக்கவிலையும் கூடும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இதே கெரால்ட்டுக்கு இன்னொரு சிலையும் உண்டு. 2015-இல் ‘தி விட்சர் 3’ வெளிவந்தபோது, சேகரிப்பாளர்களுக்கான பதிப்பில் அவன் கிரிஃபின் என்னும் விலங்கோடு பொருதும் சிலை ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள். 33 சென்டிமீட்டர் உயரம். அதுவும் முழுக்கக் கையால் வண்ணம் தீட்டப்பட்டது என்றுதான் விளம்பரம் சொன்னது. சிலை, விளையாட்டு, ஓவியப் புத்தகம் எல்லாம் சேர்ந்த பெட்டிக்கு அமெரிக்காவில் விலை 150 டாலர். பின்னால் வந்த சிலைகள் அளவிலும் நுணுக்கத்திலும் இதைவிடப் பெரியவை, மறுக்கவில்லை. ஆனாலும் பல மடங்கு விலை வேறுபாட்டை ரெசினின் எடையும் தூரிகையின் நேரமும் மட்டுமே விளக்கிவிடுமா?

மீதி விளக்கம் சிலையின் அடிப்பாகத்தில் பொறித்த எண்ணில் இருக்கிறது. வரையறுக்கப்பட்ட பதிப்பு, இத்தனையில் இது இத்தனையாவது என்று அந்த எண் சொல்கிறது. அச்சு கிழிந்தால் மூலப் படிவத்திலிருந்து இன்னொரு அச்சு எடுக்கலாம், ரெசினுக்கும் பஞ்சமில்லை, வேலை தெரிந்த கைகளும் இருக்கின்றன. ஐந்நூறோடு நிறுத்துவது நிறுவனத்தின் முடிவு. சில நிறுவனங்கள் குறிப்பிட்ட நாள்வரை முன்பதிவு வாங்கி, வந்த பதிவுகளின் எண்ணிக்கையையே பதிப்பின் அளவாக அறிவிக்கின்றன. மாற்றிப் பொருத்த ஒரு தலையைக் கூடுதலாக வைத்து, அதைச் ‘சிறப்புப் பதிப்பு’ என்று தனியே விற்பதும் உண்டு. சிலை கைக்கு வர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை வாங்குபவர் கட்டிய முன்பணம், வட்டியில்லாக் கடனாக நிறுவனத்திடம் இருக்கிறது.

மூலதனம் மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் ஏகபோக விலையைப் பற்றிப் பேசுகிறார். மிக அரிய தரமுள்ள திராட்சை மது சிறிதளவே விளையும் ஒரு தோட்டத்தை அங்கே எடுத்துக்காட்டுகிறார். அந்த மதுவின் விலையைத் தீர்மானிப்பது அதன் மதிப்போ உற்பத்தி விலையோ அன்று. வாங்குபவரின் விருப்பமும் அவர் பணப்பையின் கனமும்தான். தோட்டத்துச் சொந்தக்காரருக்கு அந்த உபரி வாடகையாகச் சேர்கிறது. மார்க்ஸின் தோட்டத்துக்கு இயற்கை எல்லை வகுத்தது. கெரால்ட்டின் முகத்துக்கு எல்லை வகுப்பது ஒப்பந்தக் காகிதம்.

அந்த முகம் யாருடைய நிலம்? போலந்து எழுத்தாளர் ஆந்த்ரேய் சப்கோவ்ஸ்கி 1986-இல் எழுதிய சிறுகதையில் பிறந்தவன் கெரால்ட். விளையாட்டாக்கும் உரிமையை சிடி புரொஜெக்ட் நிறுவனத்துக்கு அவர் ஒரு சிறு தொகைக்கு மொத்தமாக விற்றுவிட்டார். லாபத்தில் பங்கு கேட்காமல் விட்டது மடமை என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். விளையாட்டு உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்ற பிறகு, 2018-இல், போலந்தின் பதிப்புரிமைச் சட்டத்தைச் சுட்டி 6 கோடி ஸ்லோட்டி கேட்டுக் கடிதம் அனுப்பினார். 2019 டிசம்பரில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. படைத்தவனே சட்டத்தின் கதவைத் தட்டித்தான் பங்கு கேட்க வேண்டியிருந்தது. சிலை செய்யும் நிறுவனமோ, உரிமம் வைத்திருப்பவருக்குப் பணம் கட்டாமல் ஒரு பிடி ரெசினையும் வார்க்க முடியாது. அந்த உரிமத் தொகையும் வாங்குபவர் தலையில்தான் விழுகிறது.

பொம்மை விஷயத்தில் இடதுசாரிகளுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சிலை வாங்காததால் யாரும் சாவதில்லை, உண்மைதான். ஆனால் இதே விலைமுறை மருந்துச் சீட்டிலும் இருக்கிறது. பேயர் நிறுவனம் நெக்சவார் என்ற புற்றுநோய் மருந்தை இந்தியாவில் ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ 2.8 லட்சம் ரூபாய்க்கு விற்றது. 2012 மார்ச்சில் கட்டாய உரிமம் வழங்கப்பட்டபோது, ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனம் அதே மருந்தை 8,880 ரூபாய்க்குத் தர முன்வந்தது. சரக்கில் மாற்றமில்லை, வேலி மட்டும் அகன்றது. 2005-இல் காப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்போது இடதுசாரிகள் நாடாளுமன்றத்தில் வற்புறுத்திச் சேர்த்த 3(டி) பிரிவும் இந்த வேலிக்கு எதிரானதே. பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிய காப்புரிமை பெறும் தந்திரத்தை அது தடுக்கிறது. 2013-இல் நோவார்ட்டிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. பொம்மைச் சந்தையில் கூடுதல் தலை, மருந்துச் சந்தையில் உப்பின் சிறு மாற்றம்.

இனி, விளம்பரம் பெருமையோடு சொல்லும் அந்தக் ‘கைவேலை’. இத்தகைய சிலைகள் பெரும்பாலும் சீனாவின் குவாங்டாங் மாகாணத் தொழிற்கூடங்களில் உருவாகின்றன. அம்மாகாணத்தின் பொம்மைத் தொழில் மையமான டோங்குவானில் 2021 டிசம்பரில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச மாத ஊதியம் 1,900 யுவான். அன்றைய மதிப்பில் 300 டாலருக்குச் சற்றுக் குறைவு. தேர்ந்த வண்ணக்காரர் இதைவிடக் கூடுதலாகப் பெறுவார். மிகைநேரம் பார்த்தால் இன்னும் கொஞ்சம். ஆனாலும் ஆயிரம் டாலர் சிலை ஒன்று அந்த அடிப்படை ஊதியத்தில் மூன்று மாதத்துக்கும் மேல். ரெசினைத் தேய்க்கும்போது எழும் நுண்தூளும் வண்ணக் கரைப்பான்களின் ஆவியும் யார் நுரையீரலுக்குள் போகின்றன என்பதைச் சொல்லத் தேவையில்லை. கைவேலை என்ற சொல் விலையை உயர்த்தப் பயன்படுகிறது. அந்தக் கைக்கு உரியவரின் பெயர் பெட்டியின் எந்தப் பக்கத்திலும் இருப்பதில்லை.

தவணை முறையில் இதை வாங்கும் இளைஞர் மீது எனக்குக் கோபமில்லை. அவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள். நூறு மணி நேரம் கூடவே அலைந்த ஒரு கதாபாத்திரத்தின் மீது வைத்த பிரியத்தைத்தான் அலமாரியில் நிறுத்துகிறார்கள். அந்தப் பிரியத்தை உண்டாக்கியவர்களும் கூலி உழைப்பாளிகளே: ஓவியர், நிரலாளர், அசைவூட்டக் கலைஞர். 2023-இல் சிடி புரொஜெக்ட் ரெட், தன் ஊழியரில் ஒன்பது விழுக்காட்டினரை, அதாவது சுமார் நூறு பேரை, நீக்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் அதன் ஊழியர்கள், போலந்தின் விளையாட்டுத் தொழில் முழுமைக்குமான ஒரு தொழிற்சங்கத்தை அறிவித்தார்கள். கெரால்ட்டின் முகத்தைத் திரையில் வடித்த தொழிலுக்கு ஒரு சங்கம் வந்துவிட்டது. அதே முகத்தை ரெசினில் தேய்த்துத் தீட்டுகிறவர்கள் சுதந்திரமான தொழிற்சங்கம் அமைக்க, டோங்குவானில் இன்னும் அனுமதி இல்லை.