பகலில் உலவிய காட்டேரி

பழைய பேசாப்படமொன்றைக் காணும் இக்கால இரசிகருள் ஒரு சாரார் சிரிக்கின்றனர். மற்றொரு சாரார் கொட்டாவி விடுகின்றனர். ஜேர்மனிய நெறியாளர் முர்னவ் 1922ஆம் ஆண்டில் அளித்த 'நொஸ்பெராத்து' என்னும் இரத்தக்காட்டேரிப் படத்துக்கும் இக்கதியே நேர்ந்துள்ளது. அச்சமூட்டவென எடுத்த படம் நகைப்பூட்டுமாயின் அது தோல்வியன்றோ எனக் கேட்பர். தீர்ப்புக் கூறுமுன் சில உண்மைகளை ஆராய்தல் தகும் என்று நான் கருதுகிறேன்.

சிரிப்புக்குரிய காரணங்களுள் ஒன்றை முதலில் நோக்குவோம். ஓர்லொக் பிரபு என்னும் காட்டேரி தன் சவப்பெட்டியைத் தானே சுமந்து நகரத்தினூடே பட்டப்பகலில் நடக்கிறான். அவனே இறுதியில் காலைக் கதிர் பட்டதும் புகையாய் மறைகிறான். இம்முரண்பாடு நெறியாளரின் கவனக்குறைவன்று. அக்காலத்துப் படச்சுருள் இரவின் மங்கலொளியைச் செவ்வனே பதிவுசெய்ய வல்லதன்று. ஆதலின் இரவுக் காட்சிகளையும் பகலிலே படம்பிடித்துப் பின்னர் சுருளுக்கு நீலச்சாயம் ஊட்டினர். நீலம் கண்டால் இரவென்று அன்றைய பார்வையாளர் உணர்ந்துகொண்டனர். பிற்காலத்துப் பிரதிகள் பல சாயமின்றிக் கறுப்பு வெள்ளையாகவே எடுக்கப்பட்டமையால் முர்னவின் இரவெல்லாம் பகலாயிற்று.

வேகமும் அவ்வாறே. பேசாப்படங்கள் பொதுவாக விநாடிக்கு 18 படங்கள் என்னும் அளவையொட்டி ஓடின. பேசும் படத்துக்கு 24 என்பது விதியாயிற்று. பழைய சுருளைப் புதிய வேகத்தில் ஓட்டினால் துயரத்தோடு நடப்பவனும் துள்ளி ஓடுபவனாகிறான். ஏட்டைப் பிழைபடப் படியெடுத்தவனின் குற்றத்துக்காக நூலாசிரியனைப் பழிப்பது எத்துணை நேர்மையோ, அத்துணை நேர்மையே இச்சிரிப்பிலும் உண்டு.

நல்ல பிரதி அரிதானமைக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) நாவலை உரிமை பெறாமலே தழுவி, பெயர்களை மட்டும் மாற்றி இப்படத்தைத் தயாரித்தனர். நாவலாசிரியரின் விதவை வழக்குத் தொடுத்தார். 1925இல் ஜேர்மனிய நீதிமன்று பிரதிகளை அழிக்கக் கட்டளையிட்டது. அதற்குத் தப்பிய பிரதிகளாலேயே படம் பிழைத்தது. சாயமூட்டிய பழைய பிரதியைத் துணைக்கொண்டு அறிஞர் மீட்டமைத்த வடிவம் இன்று நமக்குக் கிடைக்கிறது. அதைப் பாராது தீர்ப்புக் கூறுவது முறையன்று.

எனினும், எல்லாப் பழியையும் பிரதியின் தலையிற் சுமத்துதல் நேர்மையாகாது. கதாநாயகன் ஹுட்டரின் மிகைநடிப்பு அன்றைய மேடை வழக்கின் எச்சம். சவப்பெட்டியின் மூடி தானே ஏறி மூடிக்கொள்ளும் காட்சி இன்று சிறுபிள்ளை விளையாட்டாகவே தோன்றும். இவற்றுக்குச் சிரிப்பவரை நான் குறைகூறேன்.

கொட்டாவி விடுவோருக்கே நான் சொல்ல வேண்டியது மிகுதி. திடுக்கிட வைப்பதே அச்சம் என்று அவர்கள் பழகிவிட்டனர். முர்னவ் காட்டிய அச்சம் வேறு. அவனது காட்டேரி எலிகளோடு கப்பலில் வருகிறான். அவனுடன் கொள்ளைநோயும் வந்திறங்குகிறது. பறையறைவோன் தெருவில் நின்று ஆணையை வாசிக்கிறான். கதவுகளிற் சிலுவைக்குறி இடப்படுகிறது. ஒடுங்கிய வீதி வழியே சவப்பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைச் சாளரத்திலிருந்து ஒரு பெண் பார்த்து நிற்கிறாள். ஊராரோ பித்தனொருவனைக் கல்லெறிந்து துரத்துகின்றனர். வயலில் நின்ற வெருளியையும் அவனென எண்ணிப் பிய்த்தெறிகின்றனர். கதை நிகழ்வது 1838இல். ஆயினும் அதை முதலிற் கண்டவர்கள் உலகப்போரையும் 1918ஆம் ஆண்டின் கொள்ளைக் காய்ச்சலையும் கடந்து வந்தவர்கள். 2020இல் கதவடைத்து வீட்டினுள் இருந்த நமக்கு இக்காட்சிகளின் பொருளை வேறொருவர் விளக்கவும் வேண்டுமோ? நோய்க்கு மருந்து காணுமுன் பழிசுமத்த ஓர் ஆளைத் தேடும் மனித இயல்பை நாமும் கண்டோமல்லவா?

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஸ்டோக்கரின் டிராகுலா பகலிலும் நடமாடுவான். கதிரொளி காட்டேரியைக் கொல்லும் என்னும் வழக்கத்தைத் திரையிலே தோற்றுவித்தது இப்படமே. பின்வந்த படங்களில் அதைக் கண்டு பழகியோர், மூலத்தையே பழைய சரக்கெனத் தள்ளுவது விந்தையினும் விந்தை.

கல்லூரிகளிலும் இரசிகர் வட்டங்களிலும் இப்படத்தைத் திரையிட முனைவோர் பிரதியைத் தேர்ந்தெடுப்பதில் முதற்கண் கருத்தூன்ற வேண்டும். மாணவர் சிரித்தால் தடுக்கவேண்டியதில்லை. எதற்குச் சிரித்தீர் என்று கேட்டாற் போதும். சாயமிழந்த சுருளுக்கா, ஓட்டியவன் தந்த வேகத்துக்கா, மறைந்துபோன நடிப்பு மரபுக்கா என்று அவர்களே பகுத்தறியட்டும். படிக்கட்டில் ஏறிச்செல்லும் அந்நீண்ட நிழலுக்கு அவர்களுள் எவரேனும் சிரித்தாரா என்பதையும் கேட்டுப் பார்க்கட்டும். பழைய படைப்பைப் போற்றுவதும் இகழ்வதும் அவரவர் உரிமை. ஆனால் எதைப் பார்த்தோம் என்று அறிந்த பின்னரே அவ்வுரிமை நமக்கு உண்டாகிறது.