10 வெள்ளி மின்விளையாட்டு: உருவாக்கியவருக்கு எவ்வளவு?

‘ஸ்டீம்’ இணையக் கடையில் தள்ளுபடிக் காலம் தொடங்கினால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். விருப்பப்பட்டியலில் மாதக்கணக்கில் காத்திருந்த மின்விளையாட்டைக் குறைந்த விலைக்கு வாங்கிவிடுகிறோம். நமக்கு லாபம். அதை உருவாக்கியவருக்கு?

வரி நீங்கலாக 10 வெள்ளிக்கு விற்கும் ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். கடையின் பங்கு 30 விழுக்காடு. மீதம் 7 வெள்ளி. அதையே 75 விழுக்காடு தள்ளுபடியில் விற்றால் உருவாக்கியவருக்குக் கிடைப்பது 1 வெள்ளி 75 காசு. ஓவியர், இசையமைப்பாளர் ஊதியம், மென்பொருள் கட்டணம், விளையாட்டை உருவாக்கிய மாதங்களின் வீட்டு வாடகை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். நடுவில் வெளியீட்டு நிறுவனம் இருந்தால் அதற்கும் பங்கு உண்டு.

கடைக்குப் பங்கு கொடுப்பதே தவறு என்று சொல்ல முடியாது. பணம் வசூலிப்பதும், உலகெங்கும் உள்ளவர்கள் பதிவிறக்கம் செய்ய வழிசெய்வதும் செலவு பிடிக்கும் வேலைகள். உறுத்துவது வேறொன்று. 2018 இறுதியில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் தன் விகிதத்தை மாற்றியது. ஒரு விளையாட்டின் வருமானம் 10 மில்லியன் அமெரிக்க டாலரைத் தாண்டினால், அதற்கு மேல் வரும் தொகையில் கடை 25 விழுக்காடு மட்டுமே எடுத்துக்கொள்ளும். 50 மில்லியனைத் தாண்டினால் 20 விழுக்காடு. சலுகை யாருக்கு என்று பாருங்கள். ஓரிருவர் சேர்ந்து உருவாக்கும் விளையாட்டு அந்த எல்லையைத் தொடுவது அரிது. அவர்கள் கடைசிவரை 30 விழுக்காடு கொடுக்கிறார்கள். பெரிய நிறுவனம் கோபித்துக்கொண்டு சொந்தக் கடை திறக்கலாம். சிறியவர் எங்கே போவார்?

இதைத் தலைகீழாகவும் செய்யலாம். ஆண்டு வருமானம் ஒரு மில்லியன் டாலருக்குள் இருப்பவர்களிடம் ஆப்பிள் 2021 ஜனவரி முதல் 15 விழுக்காடுதான் வாங்குகிறது. அதே ஆண்டு ஜூலையில் கூகலும் முதல் ஒரு மில்லியனுக்கு விகிதத்தை அப்படிக் குறைத்தது. தாராள மனம் மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. ஆப்பிள் அந்த அறிவிப்பை வெளியிட்டபோது, எப்பிக் நிறுவனம் அதன்மீது தொடுத்திருந்த வழக்கு நீதிமன்றத்தில் இருந்தது. எப்பிக் அப்போது தன் சொந்தக் கடையில் 12 விழுக்காடுதான் கேட்டது. ‘இட்ச் ஐஓ’ தளத்திலோ கடைக்கு எவ்வளவு என்பதை விற்பவரே முடிவு செய்யலாம். ஆனாலும் கணினியில் விளையாடுவோர் பெருங்கூட்டமாக இருப்பது ஸ்டீமில்தான். குறைந்த பங்கு கேட்கும் கடையில் ஆள் நடமாட்டம் குறைவு. சிறியவர்களின் சிக்கலே அதுதான்.

வாங்குபவர் கையிலும் ஓர் ஆயுதம் இருக்கிறது. ஸ்டீமில் வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். பழுதான விளையாட்டு என்றால் இது நியாயமான பாதுகாப்பு. ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் முடியும் விளையாட்டு என்றால்? ‘எமிகா கேம்ஸ்’ என்ற பெயரில் தனியாக இயங்கியவர் 2021ல் ‘சம்மர் ஆஃப் 58’ என்ற குறு விளையாட்டை வெளியிட்டார். பாராட்டுகள் வந்தன. முழுதும் ஆடிவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்டவர்களும் ஏராளம். விளையாட்டு உருவாக்கத்திலிருந்து காலவரையின்றி விலகுவதாக அவர் அறிவித்தார்.

நம் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் விளையாட்டு உருவாக்கம் பயில்வோர் உண்டு. சிங்கப்பூரின் சிறு குழுவான ‘ஜென்டில்ப்ரோஸ்’ 2017ல் வெளியிட்ட ‘கேட் குவெஸ்ட்’ வெற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் தங்கள் முதல் விளையாட்டை ஸ்டீமில் வைக்கவே 100 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். விற்பனை 1,000 டாலரை எட்டிய பிறகுதான் அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும்.