தேய்ந்த கருவியும் திருத்திய கணக்கும்

பூரணாங்குப்பத்திலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணாக்கர் ஒருவர் சென்ற பருவத்திலே பௌதிக வகுப்பில் ஒரு வினா எழுப்பினார். விண்கலங்களிலுள்ள நிறை நிறமாலைமானிகள் அனுப்பும் எண்களை விஞ்ஞானிகள் பின்னர்த் திருத்துகின்றனர் என்று கேட்டதும், "ஐயா, எங்கள் ஊர்க் கடைக்காரர் தராசு காட்டிய எடையைத் தாமே திருத்திச் சொன்னால் ஒப்புவோமா?" என்றார். வகுப்பு நகைத்தது. எனினும் அஃது நகைத்து விடத்தக்க வினாவன்று.

கடைத்தராசை அதிகாரிகள் சோதித்து முத்திரையிடுவர். சந்திரனைச் சுற்றும் தராசுக்கு முத்திரையிட யார் செல்வார்? 2019ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் புறப்பட்ட சந்திரயான்-2 கலத்தில், திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தார் ஆக்கிய சேஸ்-2 என்னும் கருவி உளது. சந்திரனைச் சூழ்ந்த மிக மெல்லிய வாயுக்களை அயனிகளாக்கி, நிறைவாரியாகப் பிரித்து அளப்பது அதன் தொழில். இத்தகைய கருவிகளில் அயனி ஒன்று பெருக்கியின் உட்சுவரில் மோதச் சில எலக்ட்ரான்கள் தெறிக்கும். அவை மோத மேலும் பல தெறிக்கும். இங்ஙனம் ஒன்று பல லட்சமாகும். ஆனால் மோதுண்டு மோதுண்டு அச்சுவர் தளர்கின்றது, கரிப்படலமும் படிகின்றது. நாளடைவில் அதே அளவு வாயுவுக்குக் குறைந்த எண்ணே கிட்டும். அறியாதார் வாயு குறைந்தது என்பர். குறைந்ததோ கருவியின் வலிமை.

மருந்து யாதெனின், பாரடே கிண்ணம் என்னும் எளிய உறுப்பு. அது பெருக்குவதில்லை, வந்த மின்னூட்டத்தை உள்ளபடி அளக்கும், ஆதலின் பெருக்கியைப்போல் தளர்வதுமில்லை. கூர்மைதான் குறைவு. ஒரே அயனியோட்டத்தை இரண்டாலும் அளந்து ஒப்பிட்டால் பெருக்கியின் இன்றைய வலிமை தெரிந்துவிடும்.

2014 முதல் 2016 வரை 67பி வால்மீனோடு சென்ற ரோசெட்டா கலத்தில் சங்கடம் இன்னும் நுட்பமானது. பெர்ன் பல்கலைக்கழகத்தார் தலைமையில் ஆக்கிய ரோசினாக் கருவியொன்றின் உணர்தட்டில், அயனிகள் பெரும்பாலும் நடுவிலேயே விழுந்தமையால், நம் கல்லூரிப் படிக்கட்டுகளைப் போல நடுப்பகுதியே மிகுதியாகத் தேய்ந்தது. ஒரே நிறைக்கோட்டைத் தட்டின் பல இடங்களில் விழச்செய்து இடந்தோறும் தேய்வை அளந்தனர். அவ்வால்மீன் நீரில் கன ஹைட்ரஜனின் விகிதம் நம் கடல்நீரினும் மும்மடங்குக்கு மேல் என 2014 டிசம்பரில் வெளியான முடிவு இக்கருவி தந்ததே. பூமியின் கடல்கள் எங்கிருந்து வந்தன என்னும் வழக்கில் அஃதொரு சாட்சி. சாட்சியின் கண் மங்கியதைக் கணக்கில் கொள்ளாமல் தீர்ப்பெழுதலாகாது.

கள்ளத்தராசை வேதாகமம் கண்டிப்பதை நாம் அறிவோம். என் கருத்தில், தேய்ந்த தராசு கள்ளத்தராசன்று. தேய்வை அறிந்தும் மறைப்பதே கள்ளம். திருத்தும் எண் கருவியைச் சோதித்துப் பெறப்பட வேண்டும். விரும்பிய விடையினின்று பெறப்படலாகாது. முதலிற் கிடைத்த எண்ணும் அழியாதிருத்தல் வேண்டும்.

நம் ஆய்வுக்கூடத்திலோ நடப்பது வேறு. ஊசல் சோதனையில் எது வரினும் பாடநூலிற் கண்ட 981 என்றே எழுதுகின்றனர். இவ்வட்சரேகையில் புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 978 தான் என்பதை அறிந்தவர் சிலரே! ஆதலின் குறிப்பேட்டில் கண்ட எண்ணுக்கு ஒரு பத்தியும், திருத்திய எண்ணுக்குக் காரணத்துடன் மற்றொரு பத்தியும் கட்டாயமாக்குமாறு ஆசிரியர்களை வேண்டுகின்றேன்.

வினா எழுப்பிய மாணாக்கர் தம் குறிப்பேட்டை மறுநாள் கொணர்ந்தார். 983ஐ அடித்து 981 ஆக்கியிருந்தார். நூலை அளந்த அளவுகோலின் முனை தேய்ந்துளதோ என்று இப்பொழுது இருவரும் பார்த்து வருகின்றோம்.