ஆச்சி மனோரமாவும் நம் பிள்ளைகளின் பேச்சுத் தமிழும்



ஒரு நடிகையைப் பற்றி ஆசிரியர் ஒருவர் எழுத வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். தமிழ்ப்பள்ளியில் மொழி கற்பிக்கும் நமக்கு ஆச்சி மனோரமாவின் வாழ்க்கையில் கற்றுக்கொள்ள நிறையவே உண்டு என்பது என் கருத்து. அதனை இங்கே முன்வைக்கின்றேன்.

மனோரமா 1937-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் மன்னார்குடியில் பிறந்தார். இயற்பெயர் கோபிசாந்தா. தந்தையால் கைவிடப்பட்ட நிலையில், தாயார் மகளை அழைத்துக்கொண்டு காரைக்குடியை அடுத்த பள்ளத்தூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கு வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். வறுமையினால் மகளின் பள்ளிப்படிப்பு சிறு வயதிலேயே நின்றுபோனது. பன்னிரண்டு வயதளவில் நாடக மேடை ஏறிய அச்சிறுமி, ‘மனோரமா’ என்னும் பெயரையும் மேடையிலேயே பெற்றார்.

1958-இல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’ அவருக்குத் திரையுலகக் கதவைத் திறந்தது. 1963-இல் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாக நடித்தார். ஆயினும் அவர் நிலைத்தது நகைச்சுவை வேடங்களிலும் குணச்சித்திர வேடங்களிலும்தான். 1968-இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் ஜில் ஜில் ரமாமணியை இன்றளவும் மறந்தவர் இல்லை. ‘புதிய பாதை’ படத்திற்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதும், 2002-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்துக் கின்னஸ் சாதனை நூலில் இடம்பெற்றார். முதுமையில் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்த அவர், 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் சென்னையில் காலமானார்.

இனி, நாம் சிந்திக்க வேண்டிய செய்திக்கு வருகின்றேன். மனோரமாவின் பெருஞ்செல்வம் அவருடைய நாவில் இருந்தது. 1968-இல் வந்த ‘பொம்மலாட்டம்’ படத்தில் சென்னைத் தமிழிலேயே ஒரு பாடலைப் பாடி நடித்தார். ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில் வேலைக்காரி கண்ணம்மாவாக வந்து வெளுத்து வாங்கினார். ‘சின்னக் கவுண்டர்’ படத்தில் கொங்கு நாட்டுத் தாயாகவே மாறினார். ஒவ்வோர் ஊரின் பேச்சையும் அந்த ஊர்க்காரர்களே வியக்கும் வண்ணம் பேசினார். பள்ளிக்கூடம் அவருக்குக் கொடுக்காத மொழியறிவை, காதால் கேட்டும் நாவால் பழகியும் பெற்றார்.

நம் வகுப்பறைகளில் என்ன நடக்கின்றது? ஒரு மாணவன் “வூட்ல அம்மா சொன்னிச்சு” என்று வாய் திறந்தவுடன், “தப்பு, சரியாகச் சொல்” என்று இடைமறிக்கின்றோம். அவன் சொல்ல வந்த செய்தியை நாம் கேட்பதில்லை. இரண்டு முறை இப்படித் திருத்தப்பட்ட பிள்ளை மூன்றாம் முறை வாய் திறப்பதில்லை. திறந்தாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசிவிட்டுப் போகின்றது. திருத்துவதாக எண்ணித் தமிழையே அதன் வாயிலிருந்து துரத்திவிடுகின்றோம்.

இது வீண் அச்சமன்று. மலாக்காவில் வாழும் நமக்குக் கண்ணெதிரே ஒரு சான்று உண்டு. பரம்பரையாகக் காஜா பெராங் பகுதியில் வாழும் மலாக்கா செட்டிகள் தமிழ் மரபில் வந்தவர்கள். 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அவர்களின் பெருமை. தெய்வ வழிபாட்டையும் சடங்குகளையும் பல தலைமுறைகளாகக் காத்து வருகின்றார்கள்; அதற்காக நாம் அவர்களை வணங்க வேண்டும். ஆனால் அவர்களின் வீட்டு மொழி மலாய் ஆகிவிட்டது. வழிபாடு நிலைத்திருந்தும் பேச்சு மாறிவிட்ட இந்த வரலாறு நமக்கொரு பாடம்.

“அப்படியானால் கொச்சைத் தமிழைக் கற்பிக்கச் சொல்கிறீர்களா?” என்று கேட்பீர்கள். இல்லை. எழுத்துத் தமிழைக் கற்பிப்பது நம் தலையாய கடமை. அதில் தளர்வு கூடாது. ஆனால் பிள்ளை ஏறி வரவேண்டிய ஏணியின் முதல் படி அதன் வீட்டுப் பேச்சே. அப்படியை உடைத்துவிட்டு மேல்படியில் நின்று அழைப்பதால் பயனில்லை.

இதற்கு நாடகமே நல்ல வழி. நம் பள்ளிகளில் நாடகம் ஆண்டுக்கொருமுறை பரிசளிப்பு விழாவிற்காக மட்டுமே மேடையேறுகின்றது; அதிலும் மனப்பாடம் செய்த செந்தமிழ் வசனங்கள். மாறாக, ஜாசினிலோ மெர்லிமாவிலோ அலோர் காஜாவிலோ உள்ள மாணவர்களை அவர்களின் பாட்டி தாத்தாவிடம் அனுப்புங்கள். பெரட்டு, நிரை, மங்கு, ஒட்டுப்பால், ஆயாக் கொட்டகை ஆகிய சொற்களுக்குப் பின்னால் இருக்கும் கதைகளைக் கேட்டு வரட்டும். அவற்றை அதே பேச்சில் நடித்துக் காட்டட்டும். பிறகு அதே கதையை எழுத்துத் தமிழில் எழுதட்டும். பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டை இலக்கண விதியைவிட இது தெளிவாக உணர்த்தும். 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. எந்தத் தேர்வு வந்தாலும் போனாலும், பேசத் தெரிந்த பிள்ளைக்கு எழுதக் கற்பிப்பது எளிது.

வேடங்களைப் பங்கிடும்போதும் கவனம் தேவை. சிவந்த நிறமுள்ள பிள்ளைக்கு அரசி வேடம், கறுத்த பிள்ளைக்கு வேலைக்காரி வேடம் என்னும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. மனோரமாவுக்கும் திரையுலகம் வேலைக்காரி வேடங்களை அள்ளிக் கொடுத்தது. அவர் தம் திறமையால் அவற்றை உயர்த்தினார் என்பது அவருடைய பெருமை. நாம் அதே அநீதியைப் பிஞ்சு மனங்களுக்குச் செய்ய அது நியாயம் ஆகாது.

பெற்றோர்களே, உங்கள் மகளை நடிகையாக்கச் சொல்லவில்லை. மனோரமா பள்ளியை விட்டு மேடைக்குச் சென்றது வறுமையின் கொடுமையால். அதை நாம் புகழக் கூடாது. நம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் உண்டு, மேடையும் உண்டு. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் வாய்ப்பு நம் கையில் இருக்கின்றது.

இன்று மாலை பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும், நடந்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அது சொல்லி முடிக்கும்வரை திருத்தாமல் கேளுங்கள். திருத்தம் பிறகு வரட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.